கரண்ட் கணக்கு: வாசகர் கேள்வி – பதில்

எங்கள் தெருவில் மாலை ஆறு மணிக்கு மேல் வோல்டேஜ் 180-க்கு இறங்கிவிடுகிறது. 2000 வாட், 15 லிட்டர் கீசர் தண்ணீரைச் சூடாக்க ரொம்ப நேரம் எடுக்கிறது. அதிக நேரம் ஓடுவதால் பில்லும் கூடுமா? — வாசகி, ஈரோடு

பில் கூடாது. ஏன் என்பதைக் கணக்கோடு பார்த்துவிடுவோம். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு இதே கணக்குதான் அடிப்படை.

கீசரின் மேல் 2000 வாட் என்று எழுதியிருப்பது 230 வோல்ட் கிடைக்கும்போது மட்டும் உண்மை. 180 வோல்ட்டில் அது 2000 வாட் கீசரே அல்ல. அப்போது எத்தனை வாட்? பலர் இங்கே ஒரு தப்புக் கணக்குப் போடுவார்கள். 2000-ஐ 230-ஆல் வகுத்தால் 8.7 ஆம்பியர், அதை 180-ஆல் பெருக்கி 1566 வாட் என்பார்கள். வோல்டேஜ் இறங்கினால் ஆம்பியரும் சேர்ந்து இறங்கும் என்பதை மறந்ததால் வரும் விடை இது.

எந்தச் சாதனத்தைக் கணக்கிட்டாலும் முதலில் கேட்க வேண்டியது, இதில் எது மாறாமல் இருக்கிறது என்பதுதான். கீசர், அயர்ன் பாக்ஸ், வாட்டர் ஹீட்டர் ராடு ஆகியவற்றுக்குள் இருப்பது வெறும் கம்பிச் சுருள். அதன் மின்தடை ஏறக்குறைய மாறாது. ஆகவே முதலில் தடையைக் கண்டுபிடிக்க வேண்டும்:

தடை = வோல்ட் × வோல்ட் ÷ வாட் = 230 × 230 ÷ 2000 = 26.45 ஓம்.

180 வோல்ட்டில் ஆம்பியர் = 180 ÷ 26.45 = 6.8. வாட் = 180 × 6.8 = சுமார் 1225. வோல்டேஜ் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறைந்தது. வாட்டோ ஐந்தில் இரண்டு பங்கு குறைந்துவிட்டது.

இப்போது தண்ணீருக்கு வருவோம். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்த 4.18 கிலோஜூல் தேவை. 15 லிட்டரை 25-லிருந்து 55 டிகிரிக்குக் கொண்டுபோக 15 × 30 × 4.18 = 1881 கிலோஜூல். ஒரு யூனிட் என்பது 3600 கிலோஜூல் என்பதால், இது 0.52 யூனிட். 2000 வாட்டில் இதற்குப் பதினாறு நிமிடம் ஆகும், 1225 வாட்டில் இருபத்தாறு நிமிடம். யூனிட் இரண்டிலும் ஒன்றே. கூடுதல் பத்து நிமிடத்தில் தொட்டியின் சுவர் வழியாகக் கசியும் வெப்பம் சொல்லும்படியானது அல்ல. உங்களுக்கு நஷ்டம் நேரம் மட்டுமே.

தோப்பு வீட்டுக்கு 1 எச்.பி. சிங்கிள் பேஸ் சப்மெர்சிபிள் போட்டிருக்கிறோம். மீட்டரிலிருந்து மோட்டார் வரை, ஆழத்தையும் சேர்த்து, 120 மீட்டர், 2.5 ஸ்கொயர் எம்.எம். காப்பர் கேபிள். காலையில் நன்றாக எடுக்கிறது. சாயங்காலம் வோல்டேஜ் 205 இருக்கும்போது உறுமிவிட்டு நின்றுபோகிறது. கண்டன்சரை இரண்டு முறை மாற்றியாயிற்று. வேறு என்ன பார்ப்பது? — விவசாயி, மணப்பாறை

கண்டன்சர் பழுது என்றால் காலையிலும் தகராறு செய்யும். நீங்கள் சொல்லும் அடையாளம் கேபிளைக் காட்டுகிறது.

2.5 ஸ்கொயர் எம்.எம். காப்பர் ஒயரின் தடை கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 8 ஓம். மின்சாரம் போய்த் திரும்ப வேண்டும். ஆகவே தூரம் 120 அல்ல, 240 மீட்டர். இதைத்தான் அதிகம் பேர் கோட்டைவிடுகிறார்கள். தடை = 0.24 × 8 = 1.9 ஓம். மோட்டார் ஓடும்போது 7 ஆம்பியர் எடுக்கிறது என்றால், ஒயரில் தொலையும் வோல்டேஜ் 7 × 1.9 = 13. இது பரவாயில்லை.

சிக்கல் ஸ்டார்ட்டிங்கில். நின்றுகொண்டிருக்கும் மோட்டார் முழு வோல்டேஜில் ஓடும் கரண்டைப்போல ஐந்து மடங்கு இழுக்கும், அதாவது 35 ஆம்பியர். ரோட்டார் சுழலத் தொடங்காத அந்த நொடியில் மோட்டாரும் கீசர் மாதிரியே நிலையான தடைபோல நடந்துகொள்கிறது: 230 ÷ 35 = 6.6 ஓம். இதோடு கேபிளின் 1.9 ஓம் சேர, மொத்தம் 8.5 ஓம். சாயங்காலம்: 205 ÷ 8.5 = 24 ஆம்பியர். மோட்டாரின் முனையில் கிடைப்பது 24 × 6.6 = சுமார் 159 வோல்ட். நுணுக்கமாகப் பார்த்தால் மோட்டாரின் 6.6-ஐயும் கேபிளின் 1.9-ஐயும் நேராகக் கூட்டக் கூடாது, ஆனால் முடிவெடுக்க இந்தத் துல்லியம் போதும்.

மோட்டாரின் திருப்புவிசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 159-ல் அது முழு விசையில் 48 சதவீதம்தான். காலையில் 230 வரும்போது இதே கணக்கில் மோட்டாருக்கு 178 வோல்ட் போகிறது, விசை 60 சதவீதம். உங்கள் பம்ப் 60-ல் எடுக்கிறது, 48-ல் எடுக்கவில்லை.

கேபிளை மாற்றினால்? 4 ஸ்கொயர் எம்.எம். ஒயருக்குக் கிலோமீட்டருக்கு 4.95 ஓம், சாயங்காலம் மோட்டாருக்கு 174 வோல்ட், விசை 57 சதவீதம். ஒருநாள் எடுக்கும், ஒருநாள் எடுக்காது. 6 ஸ்கொயர் எம்.எம். என்றால் 3.3 ஓம், 183 வோல்ட், 63 சதவீதம். காலை நிலைமையைவிடச் சற்று மேல். எனவே 6-ஏ போடுங்கள். ஓடும்போது ஒயரில் வெப்பமாக வீணாவதும் 94 வாட்டிலிருந்து 39 வாட்டாகக் குறையும். தினம் நான்கு மணி நேரம் ஓட்டினால் இரண்டு மாதத்தில் 13 யூனிட் மிச்சம். இதற்காக மட்டும் கேபிள் மாற்றுவது கட்டுபடியாகாது, கூடுதலாகக் கிடைக்கும் லாபம் அவ்வளவே.

கேபிள் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. மோட்டாரை ஸ்டார்ட் செய்யும்போது ஒருவர் மீட்டர் பலகையிலும் இன்னொருவர் போர்வெல் அருகே பேனலிலும் வோல்டேஜைப் பார்க்க வேண்டும். மோட்டார் நிற்கும்போது இரண்டு இடத்திலும் 205 காட்டும், அதனால் பயனில்லை. ஒயர் கரண்டைச் சுமக்கும்போதுதான் வோல்டேஜ் இறங்கும். ஸ்டார்ட்டிங்கில் மீட்டரிலேயே 170-க்கு விழுந்தால் குற்றம் உங்கள் கேபிளில் இல்லை; கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் ஒயரிலோ டிரான்ஸ்ஃபார்மர் தூரத்திலோ இருக்கிறது. மீட்டரில் 195-ம் பேனலில் 160-ம் என்றால் உங்கள் கேபிள்தான், அல்லது நடுவில் முறுக்கி டேப் சுற்றிய ஒரு ஜாயின்ட். ஜாயின்ட்டில் அரை ஓம் இருந்தால்கூட ஓடும்போது 7 × 7 × 0.5 = 24 வாட் வெப்பம் அந்த ஓரங்குலத்தில் கிளம்பும். டேப் கருகிய வாசனையோ நிறமாற்றமோ இருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள்.

அதுவரை, உறுமினால் மூன்று நான்கு நொடிக்குள் ஆஃப் செய்துவிடுங்கள். சுழலாத மோட்டார் 24 ஆம்பியர் எடுக்கும்போது வைண்டிங்கில் வெப்பம் வழக்கத்தைவிடப் பன்னிரண்டு மடங்கு.

இன்னொன்று. கீசருக்கு வோல்டேஜ் குறைந்தால் ஆம்பியர் குறையும் என்றேன். ஓடும் மோட்டாருக்கு அது தலைகீழ். தண்ணீரைத் தூக்கும் வேலை குறையாததால், வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுத்து ஈடுகட்டும். லோ வோல்டேஜில் கீசர் பிழைத்துக்கொள்ளும், மோட்டார்தான் கருகும்.

வீட்டு மீட்டர் வேகமாக ஓடுகிறதோ என்று சந்தேகம். நாமே சோதிக்க வழி உண்டா? — வாசகர், தாம்பரம்

உண்டு. டிஜிட்டல் மீட்டரின் முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும். பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்று அச்சிட்டிருப்பார்கள். நிறைய மீட்டர்களில் 3200. அப்படியானால் ஒரு மினுக்கு என்பது 1000 ÷ 3200 = 0.3125 வாட்-மணி. பத்து மினுக்குக்கு எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள்.

வாட் = 11250 ÷ நொடி.

பத்து மினுக்கு 9 நொடியில் முடிந்தால் வீடு அந்த நேரத்தில் 1250 வாட் எடுக்கிறது. உங்கள் மீட்டரில் 1600 என்று இருந்தால் 11250-க்குப் பதில் 22500.

சோதனைக்கு வீட்டில் எல்லாவற்றையும் ஆஃப் செய்துவிட்டு ஒரே ஒரு 1500 வாட் ஹீட்டர் ராடை வாளித் தண்ணீரில் போட்டு ஓடவிடுங்கள். ராடைத் தண்ணீரில் இறக்கிய பிறகே ஸ்விட்ச். எடுக்கும்போது ஸ்விட்ச்சை ஆஃப் செய்து, பிளக்கையும் உருவிய பிறகே கை வையுங்கள். அயர்ன் பாக்ஸ் இந்தச் சோதனைக்கு ஆகாது. அதன் தெர்மோஸ்டாட் இடையிடையே நிறுத்திவிடும்.

1500 வாட்டுக்கு நிமிடத்துக்கு 80 மினுக்கு வர வேண்டும். வந்தது 67 மட்டும் என்றால் மீட்டர் மெதுவாக ஓடுகிறது என்று சந்தோஷப்பட வேண்டாம். ராடு ஓடும்போதே அடுத்த பிளக்கில் வோல்டேஜ் பாருங்கள். 210 இருந்தால்? ராடின் தடை 230 × 230 ÷ 1500 = 35.3 ஓம். 210-ல் அதன் வாட் 210 × 210 ÷ 35.3 = 1250. அதற்கு 67 மினுக்குத்தான் சரி. வோல்டேஜ் அளக்காமல் செய்யும் மீட்டர் சோதனைக்கு அர்த்தமே இல்லை. ராடின் வாட்டிலேயே ஐந்து சதவீதம் முன்பின் இருக்கலாம் என்பதால், கணக்குக்கும் மினுக்குக்கும் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் மட்டும் மின்வாரியத்தில் மீட்டர் சோதனைக்கு எழுதிக் கொடுங்கள்.

பெரும்பாலும் மீட்டர் சரியாகவே இருக்கும். குற்றவாளி வீட்டுக்குள் இருப்பார். எல்லா ஸ்விட்ச்சையும் அணைத்த பிறகும் விளக்கு மினுக்குகிறதா என்று பாருங்கள். பூட்டிய வீட்டிலும் ஓடும் செட்-டாப் பாக்ஸ், வைஃபை ரவுட்டர், இன்வெர்ட்டர் எல்லாம் அதில் தெரியும். ஒரு எளிய அளவு: இரவும் பகலும் ஓடும் ஒவ்வொரு வாட்டும் இரண்டு மாத பில்லில் 1.44 யூனிட். 10 வாட் செட்-டாப் பாக்ஸ் 14 யூனிட் தின்கிறது. பிளக் எல்லாம் பிடுங்கிய பிறகும் மினுக்கினால் ஒயரிங்கில் எங்கோ கசிவு. மாடி பாத்ரூம் சுவரிலோ மோட்டார் கேபிளிலோ தேடச் சொல்லுங்கள். தாமதிக்காதீர்கள், இது யூனிட் பிரச்சினை மட்டுமல்ல.

பிளக்கில் செருகினால் கரண்ட் பில் 30 சதவீதம் குறையும் என்று ஒரு சின்னப் பெட்டி விற்கிறார்கள். கிளாம்ப் மீட்டர் வைத்து ஆம்பியர் குறைவதையும் காட்டினார்கள். வாங்கலாமா? — வாசகி, நாகர்கோவில்

வாங்க வேண்டாம். பெட்டிக்குள் இருப்பது ஒரு கண்டன்சர். ஆம்பியர் குறைந்தது உண்மைதான், ஆனால் மீட்டர் ஆம்பியரை எண்ணுவதில்லை.

மோட்டார் ஒன்று 230 வோல்ட்டில் 7 ஆம்பியர் எடுத்தால் பெருக்கல் 1610. அது வாட் அல்ல, வி.ஏ., அதாவது வோல்ட்-ஆம்பியர். அதில் எத்தனை பங்கு உண்மையான வாட் என்பதுதான் பவர் ஃபேக்டர். அது 0.75 என்றால் வாட் 1207. மீதி, மோட்டாருக்கும் லைனுக்கும் இடையே போய்வந்து கொண்டிருக்கும் கரண்ட். கண்டன்சர் அந்தப் போக்குவரத்தை உள்ளூரிலேயே முடித்துவிடும், லைனில் 5.6 ஆம்பியர் தெரியும். வாட் அதே 1207, யூனிட்டும் அதே. பவர் ஃபேக்டருக்குத் தனி அபராதம் போடும் தொழிற்சாலை இணைப்புகளில் கண்டன்சருக்கு வேலை உண்டு. வீட்டு மீட்டர் யூனிட்டை மட்டுமே கணக்கிடுகிறது. விற்பவரிடம் கிளாம்ப் மீட்டரைக் கீழே வைத்துவிட்டு மின் மீட்டரின் மினுக்கை எண்ணிக் காட்டச் சொல்லுங்கள்.

100 வாட் குண்டு பல்பையும் 60 வாட் குண்டு பல்பையும் தொடர் இணைப்பில் 230 வோல்ட்டுக்குக் கொடுத்தால் எது அதிகம் ஒளிரும்? வகுப்பில் இரண்டு கட்சியாகச் சண்டை. — பத்தாம் வகுப்பு மாணவன், தென்காசி

60 வாட் கட்சி ஜெயித்தது.

தடைகளைக் கண்டுபிடி: 100 வாட் பல்புக்கு 529 ஓம், 60 வாட் பல்புக்கு 882 ஓம். தொடர் இணைப்பில் இரண்டிலும் ஒரே ஆம்பியர்: 230 ÷ 1411 = 0.163. ஆம்பியர் ஒன்றாக இருக்கும்போது தடை கூடியதுதான் கூடுதல் வாட் எடுக்கும்: 60 வாட் பல்பில் 23.4 வாட், 100 வாட் பல்பில் 14 வாட். வோல்டேஜும் 144, 86 என்று பிரிந்துபோகும். கூட்டினால் 230 வருகிறதா என்று சரிபார்ப்பது நல்ல பழக்கம்.

தேர்வுக்கு இது போதும். நிஜத்தில் செய்து பார்த்தால் எண்கள் சற்று மாறும். குண்டு பல்பின் இழை சூடாக இருக்கும்போதுதான் 529 ஓம். அணைந்த பல்பை மல்டிமீட்டரில் அளந்தால் 40 ஓம் அளவில்தான் காட்டும். மங்கலாக எரியும் பல்பு அவ்வளவு சூடாகாததால் அதன் தடை கணக்கில் போட்டதைவிடக் குறைவு. இரண்டில் கூடுதல் குளிர்ச்சியாக இருப்பது 100 வாட் பல்புதான் என்பதால் வித்தியாசம் கணக்கைவிடவும் அதிகமாகத் தெரியும். விடை மாறாது.

ஒயர்மேன்கள் கையில் வைத்திருக்கும் சீரிஸ் லாம்ப் இதே கணக்குதான். ரிப்பேரான மிக்ஸியை ஒரு 100 வாட் குண்டு பல்போடு தொடரில் கொடுப்பார்கள். உள்ளே ஷார்ட் என்றால் பல்பு முழுப் பிரகாசமாக எரியும், ஆனால் 0.43 ஆம்பியருக்கு மேல் எதுவும் போகாது; ஃபியூஸ் தப்பிக்கும். குண்டு பல்பு இன்னமும் கடையில் விற்பதற்கு இது ஒரு நல்ல காரணம். எல்.ஈ.டி. பல்பு இந்த வேலைக்கு உதவாது.

150 ஏ.எச். (ஆம்பியர்-மணி) பேட்டரி, 12 வோல்ட். 150 × 12 = 1800; 300 வாட் லோடுக்கு ஆறு மணி நேரம் வர வேண்டும். புது பேட்டரியே நாலு மணி நேரத்தில் படுத்துவிடுகிறது. ஏமாற்றிவிட்டார்களா? — வாசகர், கும்பகோணம்

ஏமாற்றவில்லை, நான்கு மணி நேரம் நியாயமான கணக்கே.

முதலாவது, இன்வெர்ட்டர் தனக்கென்று எடுத்துக்கொள்ளும் பங்கு. 85 சதவீதத் திறன் என்று வைத்தால், 300 வாட் கொடுக்க பேட்டரியிலிருந்து 353 வாட் எடுக்கும். 12-ஆல் வகுத்தால் 29.4 ஆம்பியர்.

இரண்டாவது, பேட்டரியின் மேல் உள்ள 150 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் சி20 என்று சின்னதாக எழுதியிருக்கும். இருபது மணி நேரத்தில் மெதுவாக எடுத்தால், அதாவது 7.5 ஆம்பியர் வீதம் எடுத்தால்தான் 150 கிடைக்கும் என்பது அதன் பொருள். லெட் ஆசிட் பேட்டரியை வேகமாக உறிஞ்சினால் மொத்தமாகத் தருவதும் குறைந்துவிடும். 29 ஆம்பியர் வீதத்தில் சுமார் 120 ஏ.எச்.தான் எதிர்பார்க்கலாம். 120 ÷ 29.4 = 4.1 மணி நேரம்.

நேரத்தைக் கூட்ட இன்னொரு பேட்டரி வாங்குவதற்கு முன் லோடைப் பாருங்கள். உங்கள் 300 வாட்டில் மூன்று பழைய சீலிங் ஃபேன் இருந்தால் அவை மட்டும் 225 வாட். அவற்றை 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேனாக மாற்றினால் மொத்தம் 165 வாட். பேட்டரியிலிருந்து 16 ஆம்பியர். மெதுவாக எடுப்பதால் கிடைப்பதும் 135 ஏ.எச். அளவுக்கு உயரும். எட்டு மணி நேரத்துக்கு மேல் வரும். லோடு பாதியானதும் நேரம் இரட்டிப்பைத் தாண்டுவதைக் கவனியுங்கள்.

திரும்பச் சார்ஜ் ஆகும் செலவையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்த நான்கு மணி நேரத்தில் நீங்கள் அனுபவித்தது 1.2 யூனிட். பேட்டரியை நிரப்ப 120-க்குப் பதில் சுமார் 144 ஏ.எச். ஊட்ட வேண்டும், அதுவும் 14 வோல்ட் அளவில்; சார்ஜரின் இழப்பையும் சேர்த்தால் லைனிலிருந்து 2.5 யூனிட் போகும்.

நேரம் மூன்று மணிக்கும் கீழே இறங்கினால் பேட்டரி முனையைத் தொட்டுப் பாருங்கள். 30 ஆம்பியர் ஓடும் இடத்தில் பச்சை பூத்த லூஸ் லக் ஒன்று 0.02 ஓம் வைத்திருந்தால், 0.6 வோல்ட் அங்கேயே தொலையும். 18 வாட் வெப்பம் முனையைச் சுடும். பேட்டரியில் சக்தி இருந்தும் இன்வெர்ட்டர் லோ பேட்டரி என்று கத்தும். வெந்நீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, இறுக்கி, வாசலின் தடவினால் முடிந்தது. கழுவும் முன் இன்வெர்ட்டரை அணைத்து ஒயரைக் கழற்றிவிடுங்கள். செல் மூடிகள் மூடியிருக்கட்டும்.

லோடு ஆட்டோவில் அலங்காரத்துக்கு வெள்ளை எல்.ஈ.டி. மூன்றைத் தொடரில் வைத்து 120 ஓம் போட்டேன். கணக்குச் சரியாக 20 மில்லி ஆம்பியர் வந்தது. இரண்டே வாரத்தில் எல்லாம் மங்கிப்போயின. — வாசகர், கரூர்

கணக்குச் சரி, 12 வோல்ட் என்று எடுத்துக்கொண்டது தப்பு. வெள்ளை எல்.ஈ.டி. ஒன்றுக்கு 3.2 வோல்ட், மூன்றுக்கு 9.6. மீதி 2.4 வோல்ட் ÷ 120 = 20 மில்லி ஆம்பியர். ஆனால் வண்டி ஓடும்போது சார்ஜிங் வோல்டேஜ் 14.4 வரை ஏறும். எல்.ஈ.டி.யில் மாறாமல் நிற்பது தடை அல்ல, வோல்டேஜ். அது ஏறக்குறைய அதே 9.6-லேயே நிற்கும். கூடுதல் 2.4 முழுவதும் ரெசிஸ்டர் தலையில் விழுகிறது: 4.8 ÷ 120 = 40 மில்லி ஆம்பியர். சப்ளை 20 சதவீதம் ஏறியது, கரண்ட் இரண்டு மடங்கு.

இரண்டு எல்.ஈ.டி. மட்டும் தொடரில் வைத்து 330 ஓம் போடுங்கள். 12-ல் 17 மில்லி, 14.4-ல் 24 மில்லி. ரெசிஸ்டரில் அதிகபட்சம் 0.2 வாட் எரிகிறது. கால் வாட் ரெசிஸ்டர் தாங்கும், ஆனால் வெயிலில் நிற்கும் வண்டிக்கு அரை வாட் போடுவதே புத்திசாலித்தனம்.

எங்கள் வீட்டில் திரீ பேஸ். போன வாரம் திடீரென்று ஹாலில் விளக்கு பளீரென்று எரிந்தது, சமையலறையில் மங்கியது. டி.வி. புகைந்துவிட்டது. ஃபியூஸ், எம்.சி.பி. எதுவும் விழவில்லை. என்ன காரணம்? — வாசகி, திருநெல்வேலி

நியூட்ரல் கட்டாகியிருக்கிறது. வீட்டு மின்சாரத்தில் இதைவிட மோசமான பழுது குறைவு.

நியூட்ரல் இருக்கும்வரை ஒவ்வொரு பேஸும் தன் லோடுக்கு 230 கொடுத்துவிட்டு நியூட்ரல் வழியே திரும்பும். நியூட்ரல் அறுந்தால் அந்த வழி அடைபடும். ஒரு பேஸின் லோடும் இன்னொரு பேஸின் லோடும் தொடரில் மாட்டிக்கொள்ளும். இரண்டு பேஸுக்கு நடுவே 400 வோல்ட். தென்காசி மாணவனின் பல்புக் கணக்கு இப்போது உங்கள் வீட்டில் நடக்கிறது.

சமையலறை பேஸில் 1000 வாட் கெட்டில், 53 ஓம். ஹால் பேஸில் மொத்தம் 100 வாட், 529 ஓம். மூன்றாவது பேஸில் ஒன்றும் ஓடவில்லை என்று வைத்துக்கொள்வோம். கரண்ட் = 400 ÷ 582 = 0.69 ஆம்பியர். ஹாலுக்குக் கிடைப்பது 0.69 × 529 = 364 வோல்ட். சமையலறைக்கு வெறும் 36. லோடு குறைவாக இருக்கும் பக்கத்தில்தான் வோல்டேஜ் எகிறும்; டி.வி., ரவுட்டர், எல்.ஈ.டி. பல்பு எல்லாம் அந்தப் பக்கத்தில்தான் இருக்கும். இவை சாதாரணத் தடைபோல நடக்காது என்பதால் எண்கள் நிஜத்தில் மாறும், போக்கு மாறாது. எம்.சி.பி. ஏன் விழவில்லை என்பதும் விளங்கியிருக்கும்: 0.69 ஆம்பியருக்கு அது ஏன் விழப் போகிறது? அது கரண்டைப் பார்க்கும் காவலாளி, வோல்டேஜைப் பார்ப்பதில்லை.

மறுபடி இப்படி நடந்தால் எதையும் ஆராயாமல் மெயினை இறக்குங்கள். பிறகு ஒயர்மேனை வைத்து, மெயினுக்கு உள்ளே வரும் பக்கத்தில் மூன்று பேஸையும் நியூட்ரலோடு அளக்கச் சொல்லுங்கள். அங்கேயே 230 மூன்றும் சமமாக இல்லையென்றால் பழுது வெளியே, மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். அங்கே சரி, உள்ளே கோளாறு என்றால் நியூட்ரல் லிங்க்கில் லூஸான ஸ்க்ரூவைத் தேட வேண்டும். அலுமினியம் ஒயரும் காப்பர் ஒயரும் நேராகச் சேரும் ஜாயின்ட் முதல் சந்தேகத்துக்குரியது. லூஸ் ஜாயின்ட் கொஞ்ச நேரம் பிடித்து, கொஞ்ச நேரம் விடும் என்பதால் நல்லபடியாக இருக்கும்போது அளந்து பார்த்துவிட்டுப் போவது பயனில்லை. லோடு போட்டு அளக்க வேண்டும்.

அவசரத்துக்கு எர்த் கம்பியை நியூட்ரலாகச் சேர்த்துக் கொடுக்கும் ஆள் யாராவது வந்தால் அனுப்பிவிடுங்கள். எர்த் குழியின் தடை சில ஓம்கள் இருக்கும். கெட்டில் ஓடினால் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் உடம்பிலெல்லாம் வோல்டேஜ் ஏறும். பேனலில் ஓவர் வோல்டேஜ், அண்டர் வோல்டேஜ் கட்-ஆஃப் ஒன்று மாட்டிவிட்டால் அடுத்த டி.வி. தப்பும்.

ஹாஸ்டல் அறையில் ஒரே 6 ஆம்பியர் பிளக்கில் மல்ட்டி பிளக் போட்டு அயர்ன் 1000 வாட், கெட்டில் 1500 வாட் ஓட்டுகிறோம். 10 ஆம்பியர் எம்.சி.பி. விழவே இல்லை. அப்படியானால் தாங்குகிறது என்றுதானே அர்த்தம்? — மாணவி, கோவை

இல்லை. 2500 ÷ 230 = 10.9 ஆம்பியர். 10 ஆம்பியர் எம்.சி.பி. 11.3 ஆம்பியர் வரை ஒரு மணி நேரம் விழாமல் நிற்க வேண்டும் என்பதே அதன் தரவிதி. அது சுவருக்குள் இருக்கும் ஒயரைக் காக்க வந்தது, 6 ஆம்பியர் சாக்கெட்டை அல்ல. சாக்கெட்டின் தளர்ந்த பித்தளையில் 0.1 ஓம் இருந்தால் 12 வாட் வெப்பம். சாக்கெட் உருகி மஞ்சளாகும், எம்.சி.பி. பேசாமல் இருக்கும். ஒன்றை முடித்துவிட்டு இன்னொன்று ஓட்டுங்கள். கெட்டிலுக்கு 6.5 ஆம்பியர், அதைத் தனியாகவும் 16 ஆம்பியர் பிளக்கில்தான் போட வேண்டும்.

மல்டிமீட்டரில் ஆம்பியர் அளக்க பிளக்கில் இரண்டு முனையையும் வைத்தேன். பெரிய சத்தத்தோடு முனை கருகிவிட்டது. எப்படித்தான் அளப்பது? — வாசகர், புதுச்சேரி

ஆம்பியர் துளையில் ஒயரைச் செருகிய மல்டிமீட்டர் என்பது ஏறக்குறைய வெறும் கம்பி. அதைப் பிளக்கில் வைத்தால் ஷார்ட் சர்க்யூட். வோல்டேஜைக் குறுக்கே வைத்து அளக்கலாம். ஆம்பியருக்கு மீட்டர் லோடோடு தொடரில் இருக்க வேண்டும். 230 வோல்ட் லைனில் அந்த முயற்சியே வேண்டாம். கிளாம்ப் மீட்டர் வாங்குங்கள், ஒயர்மேன்கள் டாங் டெஸ்டர் என்பது அதைத்தான். அதன் வாயில் பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் பூஜ்யம் காட்டும், ஒன்றின் காந்தப்புலத்தை இன்னொன்று அழித்துவிடும். ஒரு ஒயரை மட்டும் பிரித்துப் பிடிக்க வேண்டும். அதற்காக நல்ல கேபிளைக் கிழிக்க வேண்டாம். ஒரு முழ நீளத்துக்கு ஒயர் தனித்தனியாக இருக்கும் எக்ஸ்டென்ஷன் ஒன்று செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

செட்-டாப் பாக்ஸ் போன்ற சின்ன லோடுக்கு கிளாம்ப் மீட்டர் 0.0 என்றே நிற்கும். எக்ஸ்டென்ஷனின் பேஸ் ஒயரை மட்டும் வாய்க்குள் பத்துச் சுற்று சுற்றி, வரும் எண்ணைப் பத்தால் வகுங்கள். 0.6 காட்டினால் 0.06 ஆம்பியர். அதை 230-ஆல் பெருக்கி வரும் 14, வி.ஏ. மட்டுமே, வாட் அதைவிடக் குறைவாக இருக்கும். சரியான வாட் வேண்டுமென்றால் பிளக்கில் செருகும் வாட் மீட்டர், அல்லது மேலே சொன்ன மினுக்குக் கணக்கு.